பால் ஊற்ற விடாத பொன்னியம்மா

பெயர் பொன்னியம்மா. பிறந்தது 1930ஆம் ஆண்டு வாக்கில், ஊர் காட்டுப்பாக்கம். கணவர் துலுக்கானம், அவரைவிட ஆறு வயது மூத்தவர். இருவரும் வயல் கூலிகளாக வாழ்வைத் தொடங்கியவர்கள். 1966 முதல் 1984 வரை துலுக்கானம் அம்பத்தூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் உலை வேலை பார்த்தார். அவருடைய தம்பி செங்கல்வராயன் என் தந்தை. ஆகவே பொன்னியம்மா எனக்குப் பெரியம்மா.

1991 டிசம்பரில் பெரியப்பாவுக்குச் சளி பிடித்தது. பனிக்காலத்துச் சளிதானே என்று எவரும் பொருட்படுத்தவில்லை. சில நாட்களில் சோற்றைத் தள்ளிவிட்டுப் படுத்தார். மறுநாள் காலை மனைவியையே அடையாளம் தெரியாமல், "மேஸ்திரி, உலைய அணைக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உடம்பு சுடவில்லை, இருமலும் அதிகமில்லை. எனவே இது நோயன்று, முதுமையின் முடிவு என்று உறவினர்கள் தீர்மானித்தனர். உயிர் பிரியும் வேளையில் வாயில் பால் ஊற்றுவது எங்கள் வழக்கம். என் தந்தை டம்ளரில் பாலுடன் தலைமாட்டில் வந்து நின்றார்.

"பெனாத்த ஆரம்பிச்சிட்டாரு அண்ணி. வயசாயிடுச்சி, அவ்ளோதான். மொதல்ல நீ ஊத்து."

"வயசு இன்னா, நேத்து ராத்திரி வந்து ஒட்டிக்கிச்சா?" என்றார் பெரியம்மா. "போன வாரம்கூட இதே வயசுதான். கறிக்கொழம்பு இன்னும் ஊத்துன்னு என்னாண்ட சண்ட போட்டாரு. ஒரு வாரத்துல எத்தினி வயசு ஏறிச்சி, சொல்லு பாப்போம்."

"அது இல்ல அண்ணி..."

"நெஞ்சு எப்பிடி அடிச்சிக்கிது பாரு. வயசு இப்பிடி மூச்சு வாங்குமா? அந்தப் பால்ல டீ போட்டு வந்தவங்களுக்குக் குடு. அப்பால போயி ஒரு ஆட்டோ இட்டா."

என் தந்தை முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் ஆட்டோவில் கரையான்சாவடி வரையிலும் அண்ணனை நிமிர்த்திப் பிடித்திருந்தவர் அவர்தாம்.

அங்கிருந்த டாக்டர் எட்மண்ட் கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணினார்; முதுகில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"நிமோனியாம்மா. நுரையீரல்ல கிருமி எறங்கியிருக்கு. வயசானவங்களுக்கு ஜுரம் இல்லாமலும் இது வரும். சாப்பிட மாட்டாங்க, மூச்சு வாங்கும், புத்தி தடுமாறும். வீட்ல எல்லாரும் முதுமைன்னு விட்டுடுவாங்க." பிறகு கேட்டார்: "வாயில ஏதாவது ஊத்துனீங்களா?"

"பால் ஊத்த வந்தாங்க. நான் உடல."

"நல்ல வேளை. இந்த நெலமையில படுக்க வச்சு ஊத்தியிருந்தா நேரா நுரையீரலுக்குப் போயிருக்கும்."

என் தந்தை வாசலுக்குச் சென்று நின்றுகொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஒரு நாள் காலையில் பெரியப்பா கண் திறந்து, "பொன்னி, மேஸ்திரி எங்க?" என்றார்.

"நான்தான் மேஸ்திரி. ஒல அணைஞ்சாச்சி. எந்திரிச்சி உக்காந்து கஞ்சியக் குடி."

அன்றிலிருந்து பெரியம்மாவுக்கு மேஸ்திரி என்பதே பெயர். அவரும் அந்தப் பதவியை விட்டுக்கொடுக்கவில்லை. பெரியப்பாவின் பீடிக்கட்டு அடுப்புக்குப் போயிற்று. உட்கார்ந்துதான் உண்ண வேண்டும். உண்டவுடன் படுக்கக் கூடாது. இரவில் பல் துலக்கி வாய் கொப்பளித்த பிறகே பாய். காலையில் கடைத்தெரு வரை நடை. சளி கொஞ்சம் நீடித்தாலும், பேச்சு கொஞ்சம் குழறினாலும், கரையான்சாவடி. "ஜெயில்ல கூட இவ்ளோ சட்டம் கெடையாது" என்று பெரியப்பா எல்லாரிடமும் புகார் சொல்வார். சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போவார்.

என் தந்தையைக் கண்டால் மட்டும் அவருக்குக் குறும்பு வந்துவிடும். "இன்னாடா தம்பி, கை காலியா வந்துகீற? பால் எங்க?"

அந்த நோய்க்குப் பிறகு வந்த பொங்கல் முதல், அண்ணன் வீட்டுப் பானையில் ஊற்றும் பாலை என் தந்தையே விடியலில் கறந்து எடுத்துச் சென்றார். பொங்கி வழியும்போது பெரியம்மாவின் பக்கம் திரும்பிக் கைகூப்புவார். "ஐய, இன்னாத்துக்கு இதெல்லாம்? அடுப்பப் பாரு" என்பார் அவர். எங்கள் குடும்பம் அவருக்குச் செலுத்திய நன்றி இந்த அளவில்தான் இருந்தது. இந்தக் குறிப்பு அதில் என் பங்கு.

துலுக்கானம் 1998 ஆகஸ்டில், தம் எழுபத்து நான்காம் வயதில், இதய நோயால் காலமானார்.

என் தந்தை பால் கொண்டுசென்ற பொங்கல்கள்: ஏழு.