தராசு சொல்லாத எடை

ஆய்வுக்கூடத்துக் கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதுதான் டிரைவர் எழுதுகிறவளின் பிழைப்பு. தராசோ வெப்பமானியோ தன் பாஷையில் முணுமுணுப்பதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தருகிற சின்ன மென்பொருள்தான் டிரைவர். அதனிடம் என்ன கேட்கலாம், என்ன பதில் வரும் என்று சட்டம் போடுவது என் வேலை. தாம்பரம் மேற்கில், ஒரு டியூஷன் சென்டருக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். நீங்களும் ஒரு மெஷினிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வராமல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் என்றால், நாம் ஒரே கட்சி.

ஃபேனுக்கு அடியில்

குன்றத்தூர்ப் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனி. ஒற்றை உப்புக்கல்லின் எடையைக்கூடச் சொல்லிவிடும் தராசு வாங்கியிருந்தார்கள். எடை ஆடாமல் நின்றால்தான் என் டிரைவர் எண்ணைத் தரும். அதுவரை திரையில் வெறும் கோடுகள். ஒரு நாளைக்கு நான்கு தடவை போன் வந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். தராசின் தலைக்கு மேலே ஃபேன் ஐந்தாம் நம்பரில் சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன், எடை உடனே நின்றது. லேப் மானேஜர் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தராசுக்குக் காத்து ஆகாது, சரி மேடம். எங்களுக்கு வேணுமே!"

பதினேழாம் பக்கம்

நான் திரும்பியதும் ஃபேன் மறுபடி ஓடியது, போனும் மறுபடி வந்தது. எங்கள் விற்பனைப் பிரிவுப் பையன் டில்லி என் மேஜையை விட்டு நகரவில்லை. யாராவது நச்சரித்தால் எனக்குத் தாங்காது. எதையாவது செய்து ஆளை அனுப்பிவிடத் தோன்றும். அப்படித்தான் சட்டத்தை மாற்றினேன். மூன்று நொடியில் எடை நிற்காவிட்டால், கடைசியாக நின்ற எடையையே மறுபடி கொடு.

மனசு உறுத்தியது. அதனால் அந்த எண்ணோடு 'பழசு' என்று ஒரு குறியும் சேர்த்து அனுப்பினேன். கையேட்டில் பதினேழாம் பக்கத்தில் அதை விளக்கினேன். கையேட்டைப் பதினேழாம் பக்கம் வரை யார் படிக்கிறார்கள்? திரையை வடிவமைக்கிறவர்கள் அந்தக் குறியைக் காட்டவே இல்லை. தெரிந்தும் விட்டுவிட்டேன். போன் நின்றது. டில்லிக்கு வாயெல்லாம் பல்: "இப்பத்தாங்கா உன் டிரைவர் டிரைவர் மாரி கீது. கேட்டா டக்குனு சொல்லுது பாரு!"

படிக்கட்டு

பொத்தேரியில் ஒரு கல்லூரியில் ஜெனிபர் என்ற ஆராய்ச்சி மாணவி. ஈரமான பிளாஸ்டிக் தாளைத் தராசில் வைத்து, அது காயக் காய எடை குறைவதை எங்கள் டிரைவர் வழியாகப் பத்து நொடிக்கு ஒரு தடவை பதிவு செய்துகொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை வாட்ஸப்பில் வரைபடம் அனுப்பினாள். எடை ஒரே சரிவாக இறங்காமல், படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தது. தண்ணீர் தவணை தவணையாக வெளியேறுகிறது, இதை இதுவரை யாரும் சொன்னதில்லை, செவ்வாய்க்கிழமை ஆய்வுக் குழுவின் முன்னால் வைக்கிறேன் என்று எழுதியிருந்தாள். கூடவே எட்டுப் பூங்கொத்து எமோஜி.

காய்ந்துகொண்டே இருக்கிற தாளின் எடை எப்போதாவதுதானே நிற்கும்? நிற்காதபோதெல்லாம் என் டிரைவர் பழைய எண்ணையே திருப்பித் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு படியும் நான் கட்டியது. சொன்னால் அவளுடைய மூன்று வருஷ உழைப்பு போச்சு. சொல்லாவிட்டால் ஒரு பொய்யின் மேல் அவள் பெயர் இருக்கும். சனிக்கிழமை ரசத்தைப் பொங்கவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாடம்பாக்கம் கோயிலை வெளியே மூன்று சுற்று சுற்றிவிட்டு, உள்ளே போகாமலே வீட்டுக்கு வந்தேன். டில்லிக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தேன். அவன் சொன்னான்: "எவங்கா கண்டுபுடிக்கப் போறான்? வுடு, பேஜார் பண்ணிக்காத."

திங்கட்கிழமை காலை

மின்சார ரயிலில் உட்கார இடம் இருந்தும் வாசலிலேயே நின்றுகொண்டு போனேன். ஜெனிபரின் கம்ப்யூட்டரில் டிரைவரின் பதிவைத் திறந்து, 'பழசு' என்று குறியிட்ட வரிகளை அவள் கண் முன்னாலேயே நீக்கினேன். பத்தில் எட்டு வரி காணாமல் போயிற்று. மிச்சமிருந்த புள்ளிகள் சாதாரணமாக, பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலச் சரிந்து இறங்கின. தப்பு என்னுடையது என்றேன். அவள் அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ நான் கண்டுபிடிச்சது உங்க டிரைவரைத்தானா, மேடம்?"

கதவுக்கு வெளியே

அன்றே ஆபீஸுக்கு வந்து அந்தச் சட்டத்தைக் கிழித்துப் போட்டேன். இனிமேல் எடை மட்டும் தனியாகக் கிடைக்காது. எடை நின்றதா, ஆடுகிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும். நிற்கவில்லை என்றால் எண்ணும் இல்லை. மறுநாள் காலையிலிருந்து மாத்திரைக் கம்பெனியின் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. நான் எடுக்கவில்லை. பொத்தேரியில் ஆய்வுக் குழுவின் கதவுக்கு வெளியே, பெஞ்சில் உட்காருவதும் எழுந்து நடப்பதுமாக இருந்தேன். கூட வருகிறேன் என்றதற்கு, நானே சொல்லிக்கிறேன் என்று ஜெனிபர் தனியாக உள்ளே போயிருந்தாள்.

நாற்பது நிமிஷம் கழித்து வெளியே வந்தாள். எல்லாவற்றையும் மறுபடி அளக்க ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்களாம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே முந்திக்கொண்டாள்: "தீசிஸ்ல உங்க பேர் வரும், மேடம். நன்றி சொல்ற பக்கத்துல இல்ல, பிழைக்கான காரணங்கள்ல."

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டிரைவரை ஒருவழியாக எழுதிவிட்டேன், அதை விரும்பி வாங்குகிற ஒரு கஸ்டமரைக் கண்டுபிடிப்பதுதான் பாக்கி.