டாக்டர் செத்த மதியம்

தொடரின் கடைசிப் பகுதியில் டாக்டரைக் கொன்றுவிட்டார்கள். மூன்று சீசன் பார்க்கவைத்துவிட்டு இப்படியா முடிப்பது? கே.கே. நகர் வீட்டில் தனியாக உட்கார்ந்து டிவியைத் திட்டினேன். அப்போதுதான் சிம்மக்கல் பெரியம்மாவின் ஈரத்தலை நினைவுக்கு வந்தது.

நான் பள்ளியில் படித்த காலம். பெரியம்மா பார்த்துவந்த மதியத் தொடர் அன்று முடிந்தது. அதில் வரும் அப்பா கடைசிக் காட்சியில் இறந்துபோனார். டிவியை அணைத்த பெரியம்மா, நேராகக் குளியலறைக்குப் போய், சொந்தத்தில் சாவு விழுந்ததுபோலத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். வாளி மோதும் சத்தம் கூடம் வரை கேட்டது. சீயக்காய் வாசனை இல்லை, வெறும் தண்ணீர்.

நான் சிரித்துவிட்டேன். சாப்பாட்டுக்குக் காத்திருந்த பெரியப்பா கத்தினார்.

"பொட்டிக்குள்ள செத்தவனுக்கு எதுக்குடி தலை முழுகுற? அவன் உனக்கு என்ன முறை?"

பெரியம்மா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "முறை உள்ளவுக யாரு இந்த வாசல மிதிச்சாக? அஞ்சு வருசமா தெனமும் வந்தது அவரு ஒருத்தருதான்."

இப்போது என் டிவி தானாக அணைந்திருந்தது. இந்த வீட்டு அழைப்பு மணி கடைசியாக எப்போது அடித்தது என்று யோசித்துப் பார்த்தேன்.

எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன்.