கூடை ஜெபத்துக்கு வந்த ஆஸ்பத்திரிப் பை

என் மனைவியார் டயாலிசிஸ் சிகிச்சைக்குச் சம்மதிக்கவில்லை. சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து வருகின்றன, இனி இயந்திரத்தின் துணையோடு இரத்தத்தைச் சுத்திகரிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று பதுளையில் நிபுணர் தெளிவாகவே சொல்லியிருந்தார். வரும் திங்கட்கிழமையே தொடங்க வேண்டும். தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்து. மனைவியார் அவர் முன்னிலையில் சரியென்று தலையசைத்தார். வீடு திரும்பியதும், "என்னால முடியாதுங்க. விட்டுருங்க," என்றார். மகள் வந்து ஆஸ்பத்திரிக்கென்று ஒரு பையை அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

இச்செய்தியை நான் சபையாருக்கு அறிவிக்கவில்லை. நெடுங்காலம் ஒரு கல்லூரியின் அதிபராகவும், நகரத்துத் தேவாலயத்தின் நிர்வாகக் குழுவிலும் இருந்தவன் நான். பிறருக்கான ஜெபக் குறிப்புகளை ஆலயத்தில் பலமுறை வாசித்திருக்கிறேன்; எங்கள் வீட்டின் பெயர் அவற்றில் ஒருபோதும் வந்ததில்லை. குடும்பத்தின் நோயைக் குடும்பமே சுமப்பதுதான் கண்ணியம் என்பது என் கொள்கை. அதில் பெரும்பகுதி சரியென்றே இன்றும் கருதுகிறேன்.

சனிக்கிழமை மாலை மனைவியார் தாமாகவே வாய் திறந்தார்.

"நாளைக்குத் தோட்டத்துல கூடை ஜெபம். என்னைக் கூட்டிட்டுப் போங்க. வந்து சொல்றேன்."

"என்ன சொல்லுவ?"

"ஆஸ்பத்திரிக்கு வாறேனா இல்லையான்னு."

பசறைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பாடசாலையில் அவர் ஆசிரியையாக இருந்தவர். சித்திரை மழைக்குப் பின் கொழுந்து பெருகும். மாதக்கணக்கில் ஓய்வில்லாத வேலை. அந்தக் காலம் தொடங்குமுன், அங்குள்ள கிறிஸ்தவப் பெண்கள் ஒரு ஞாயிறன்று தங்கள் கொழுந்துக் கூடைகளைச் சிற்றாலயத்துக்குக் கொண்டுவந்து பீடத்தின் முன் வரிசையாக வைப்பார்கள். இப்போது கூடையைவிட நைலோன் பைகளே அதிகம். ஆனால் பெயர் கூடை ஜெபம்தான்.

வண்டியை விட்டு இறங்கியதும், மனைவியாரிடம் படித்த பெண்ணொருத்தி, இப்போது தலை நரைத்தவள், ஓடி வந்தாள்.

"டீச்சரம்மா! என்னங்க இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? டவுன்ல ஐயா சோறு போடுறதில்லையா?"

"போடுறாரு. உப்பில்லாம போடுறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். அதற்குள் மனைவியார் பின்னிருக்கையிலிருந்து அந்த ஆஸ்பத்திரிப் பையை வெளியே எடுத்தார். அதை வண்டியில் வைத்ததே எனக்குத் தெரியாது.

"அது இங்க எதுக்கு? பாக்குறவங்க கேப்பாங்க," என்றேன் தணிந்த குரலில்.

"கேக்கட்டுமே."

ஆலயத்துக்குள் கூடைகளுக்கு நடுவே அதைக் கொண்டுபோய் வைத்தார். மேலே துவாலை தெரிந்தது. "அம்மா, இதுல எத்தன கிலோ பறிக்கப் போறீங்க?" என்று அதே பெண் கேலியாகக் கேட்டாள்.

"என் ரத்தத்த மிஷின்ல கழுவப் போறாங்களாம்டி. நாளைக்கு. எனக்குப் பயமா இருக்கு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் தன் கூடையைச் சற்று நகர்த்தி, பை வரிசையில் நேராக நிற்கும்படி இடம் செய்தாள்.

ஆராதனையை நடத்திய உபதேசியார் ஒரு சங்கீதத்தை வாசித்து முடித்தார். "தன் கூடைக்குத் தானே ஜெபிக்கக் கூடாது, தெரியுந்தானே? எல்லாரும் அடுத்தவங்க கூடைக்கு முன்னால போங்க. ஐயா, நீங்களும் வாங்க."

மறுக்க வழியில்லை. யாருடையதென்று அறியாத ஒரு நைலோன் பையின் முன் முழங்காலிட்டேன். அதில் பச்சை இலையின் வாசனை ஊறியிருந்தது. மனைவியார் வீங்கிய கால்களோடு சிரமப்பட்டுக் கீழே இறங்கி, அந்த நரைத்த பெண்ணின் கூடையைப் பிடித்துக்கொண்டார். அவளோ ஆஸ்பத்திரிப் பையின் முன் முழங்காலிட்டாள்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில், அவரவர் சொற்களில், உரக்க ஜெபித்தார்கள். அச்சிட்ட ஜெபங்களின் ஒழுங்கில் வளர்ந்தவன் நான். இத்தகைய ஜெபத்தை இரைச்சல் என்றே எண்ணியிருந்தேன். அதன் நடுவே முழங்காலில் நின்றபோது என் உடல் சிலிர்த்தது. தகரக் கூரை அந்தக் குரல்களை வாங்கி எங்கள்மேல் திரும்பப் பொழிந்தது. குளவி கொட்டக் கூடாது, மலை வழுக்கக் கூடாது, மண் சரியக் கூடாது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது உடம்பு எழுந்து நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். மலையைத் தாழ்த்தும்படி ஒருவரும் கேட்கவில்லை. ஏறுவதற்குக் கால்களைத்தான் கேட்டார்கள். தேவாலயங்களில் கழிந்த என் வாழ்நாளில், கடவுள் இத்தனை அருகில் நிற்பதாக நான் உணர்ந்ததில்லை.

என் மனப்பாடத்தில் உள்ள ஜெபங்களில் குளவிக்கென்று ஒன்றும் இல்லை. "இந்தப் பையைச் சுமக்கும் பிள்ளையைக் குளவிக்குத் தப்புவியும், ஆண்டவரே," என்று சத்தமாகச் சொன்னேன். பலர் நடுவில் சொந்தச் சொற்களால் நான் ஜெபித்தது அதுவே முதல் தடவை.

பக்கத்தில் மனைவியாரின் குரல் கேட்டது. "இவளுக்கு முட்டி வலிக்காம பாத்துக்குங்கப்பா." அந்தப் பெண்ணின் குரலும் கேட்டது. "மிஷின் சத்தத்துக்கு டீச்சரம்மா பயப்படக் கூடாது, ஆண்டவரே. நீங்க பக்கத்துல ஒக்காருங்க. ஒக்கார எடமில்லேன்னா நின்னுக்கிட்டாவது இருங்க."

மனைவியாரின் ஜெபம் பாதியில் நின்றது. கண்ணைத் திறந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். பின்னர் கூடையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, அவளுக்காக முன்னிலும் உரக்க ஜெபிக்கத் தொடங்கினார். வைத்தியரின் அறையிலிருந்து திரும்பிய நாள்முதல் நான் தேடியும் காணாத அவருடைய பழைய முகத்தை அப்போது கண்டேன்.

மலையிறங்கி வரும்போது அவர் பையை மடியில் வைத்திருந்தார். என்ன முடிவு என்று கேட்க நான் துணியவில்லை.

"குழாய கழுத்துலயா போடுவாங்க, கையிலயா?" என்றார் திடீரென்று.

அந்தச் சிகிச்சையைக் குறித்து அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"மொதல்ல கழுத்துலன்னுதான் சொன்னாங்க."

"அப்ப முன்னால பொத்தான் வச்ச சட்டையா ரெண்டு மூணு வேணும். எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. பசார்ல கடை தொறந்திருக்குமா?"

ஞாயிற்றுக்கிழமையில் கடைக்குப் போவதில்லை என்பது எங்கள் வீட்டின் மாறாத ஒழுங்கு. அன்று போனோம்.