பழப்புளி போட்டு மினுக்கிய பொத்தான்

கனடாவில், மார்க்கம் நகருக்கு வடக்கே, வீடு கட்டுவதற்காக ஒரு பண்ணை நிலத்தைக் கிளறிப் போட்டிருந்தார்கள். நிலத்தின் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, உலோகம் தேடும் கருவியோடு அங்கே போவேன். நான் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதால் மகன் வாங்கித் தந்த கருவி. நடந்தேனோ இல்லையோ, நன்றாகக் குனிந்தேன். ஆணியும் பியர் மூடியும்தான் அதிகம் வரும். ஒருநாள் பச்சைக் களிம்பு பிடித்த பித்தளைப் பொத்தான் ஒன்று, ஊர்ப் பேச்சில் தெறி, வந்தது. பின்பக்கத்தில் எழுத்து இருப்பது விரலில் தட்டுப்பட்டது. களிம்புக்குள் என்ன எழுத்தென்று படிக்க முடியவில்லை. பக்கத்து ஊரான அஜக்ஸில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் வெள்ளைக்காரர் அதன் வயதைச் சொல்வார் என்று குசினி மேசையில் வைத்துவிட்டு, மனைவிக்கு மருந்து வாங்கப் போனேன். அவளுக்கு அப்போது நோய் முற்றியிருந்தது. கட்டிலை விட்டு எழும்புவதே அபூர்வம்.

திரும்பி வந்தால், குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறாள். கையில் பழப்புளியும் பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளும். வெள்ளிக்கிழமைக் குத்துவிளக்குப் போல அதை மினுக்கியிருந்தாள்.

"இஞ்சருங்கோ, உந்த ஊத்தையோடயே அந்த மனிசனிட்டைக் கொண்டுபோகப் போனியள்? இப்ப பாருங்கோ, தங்கம் மாதிரி!"

எழுத்து இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

"நல்லா வந்திருக்கு" என்றேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் செய்த வேலை அது.

கடைக்காரர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். களிம்புதான் எழுத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது, எழுத்து இருந்தால் செய்த பட்டறையையும் காலத்தையும் சொல்லியிருப்பேன், இனி முடியாது, யார் இப்படித் தேய்த்தது என்று கேட்டார்.  பின்பக்கத்தில் நூல் கோக்கும் வளையத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

"எத்தினை வருசமாம்?" என்றாள் வீட்டில்.

"இருநூறாம்."

"பாத்தியளே! நான் மினுக்காட்டி அந்தாளுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்?"

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். டோர்செட் பார்க்கிலிருந்து வந்த தன் தமக்கையிடம் சொல்லும்போது அது முந்நூறு ஆகிவிட்டது.

"அப்ப கனடாவே இல்லையடி, விசரி."

"கனடா இல்லாட்டி என்ன, தெறி இருந்தது!"

சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்தது. முதுகைத் தடவினேன். எலும்புதான் கையில் பட்டது.

இலை கொட்டும் காலத்தில் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு கடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். அந்த வளையத்தின் படத்தைத் தெரிந்த ஒருவருக்குக் காட்டினாராம். நூறு வருசம்கூட இராது, ஆனால் சரியான காலத்தைச் சொல்லிவிடலாம், கொண்டு வா என்றார்.

வேண்டாம் என்றேன். ஏன், வயது தெரிய வேண்டும் என்றுதானே வந்தாய் என்று கேட்டார்.

இனி அவளிடம் போய் யார் திருத்திச் சொல்வது?