ஈஸ்ட் பார்த்துச் சுட்ட பன்

கச்சிபௌலியில் வீடு பார்க்கப் போயிருந்தேன். பதினான்காவது மாடி வரை பேசிக்கொண்டே வந்த தரகர் கதவைத் திறந்து, "மேடம், பக்கா ஈஸ்ட்" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாஸ்துவைக் கிண்டல் செய்கிறேன் என்று அவருக்கு முகம் சுருங்கிப் போனது. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குப் பட்டை கிராம்பு வாசனை வரும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

வேலைக்குச் சேர்ந்த புதிது. நானும் பாளையங்கோட்டை ஜாஸ்மினும் செகந்திராபாத் மெட்டுகுடாவில் ஒரு மாடி அறையில் இருந்தோம். கீழே வீட்டுக்கார ராஜம் ஆன்ட்டியும் அங்கிளும். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பம். ஆன்ட்டியின் தமிழில் உருது டிக்கெட் எடுக்காமல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

அந்த வருடம் புனித வெள்ளிக்கு ஜாஸ்மினுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா சுடும் சிலுவை பன் இல்லாத முதல் புனித வெள்ளி. ஒரு வாரமாகக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குக் கேட்காதாம். தொட்டி காலியானதுதான் மிச்சம். செகந்திராபாத்தில் பேக்கரிக்கா பஞ்சம், வாங்கித் தருகிறேன் என்றால், "ஏட்டி, அது வேற, இது வேற" என்றாள். சரி, நானே சுட்டுத் தருவது என்று மனதுக்குள் சபதம் எடுத்தேன். அதுவரை நான் சமைத்திருந்தது நூடுல்ஸ் மட்டும்.

அவளுக்குத் தெரியாமல் அவள் அம்மாவுக்கு போன் போட்டேன். "பட்டை, கிராம்பு, சாதிக்கா எல்லாம் கெடக்கட்டும். ஈஸ்ட்டுதான் முக்கியம், கேட்டியா. அது சரியில்லன்னா பன்னு எந்திரிக்காது" என்றார். ஓவன் ஆன்ட்டி வீட்டில் இருந்தது. அதற்குள் குடியிருந்த கொலு பொம்மைகளைக் காலி செய்யவைத்தேன்.

வியாழக்கிழமை மாலை கம்பெனி பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. பதறிப்போய் ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். "நீங்களே ஆரம்பிச்சிடுங்க ஆன்ட்டி. ஈஸ்ட்டை மட்டும் பாத்துக்கோங்க. அது சரியில்லன்னா பன் எழும்பாது."

"ஹவ், எனக்குத் தெரியாதா? டென்ஷன் நக்கோ. அங்கிள் இருக்கார், ஈஸ்ட்டை அவர் பாத்துப்பார்."

இதற்கு அங்கிள் எதற்கு என்று எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால், ஓவன் சமையலறையை விட்டுக் கூடத்துக்கு வந்து தையல் மெஷின் மேல் உட்கார்ந்திருந்தது. உள்ளே பன்கள் வெந்துகொண்டிருந்தன. பாலாநகர் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற அங்கிள் திசைகாட்டியோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓவன் இரும்பு, கிட்டே போனாலே முள் ஆடியது. "ரெண்டு டிகிரி தள்ளுது" என்று கவலைப்பட்டார்.

"ஈஸ்ட் எங்க ஆன்ட்டி?"

"இதோ" என்று கிழக்கு ஜன்னலைக் காட்டினார். நான் வாங்கி வைத்த பொட்டலம் அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது.

தட்டில் போட்டபோது பன் டக்கென்றது. மேலே சிலுவை மட்டும் அம்சமாக இருந்தது. மறுநாள் காலை ஜாஸ்மின் அதைக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நான் மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன்.

"ஏட்டி, அப்படியே எங்கம்மா பன்னு" என்றாள். "எங்கம்மாவுக்கு இருவது வருசமா ஈஸ்ட் சரியில்ல."

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. ஆன்ட்டி சிரிக்கவில்லை. "அவங்க வீடு சவுத் ஃபேசிங்கா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

மெட்டுகுடா வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அங்கிளும் ஆன்ட்டியும் மகனோடு போய்விட்டார்கள். ஜாஸ்மினின் அம்மா இப்போது இல்லை. போன புனித வெள்ளிக்கு ஜாஸ்மின் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டாள். பன் சுட்டாளாம்.

"என்ன பண்ணாலும் மெத்துன்னு எந்திரிச்சிருது" என்றாள். பின்னால் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

"ஓவனை மேற்கே திருப்பி வெச்சுப் பாரு" என்றேன்.