வட்டகொடைக்கு மேலே ஒரு கறுப்புக் கார்

விமான நிலையத்தில் வாடகைக்குச் சின்னக் கார் கேட்கத்தான் போனேன். “சேர், உங்களுக்கு பிரீமியம் கார்தான் பொருந்தும்” என்றாள் கவுண்டர் பெண். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தவன், இப்போது இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வழி தெரியாமல் நிற்கிறேன். இந்த ரோட்டுக்குக் காரும் அகலம், நானும் அகலம்.

வழி கேட்கலாம் என்று கண்ணாடியை இறக்குகிறேன். கொழுந்துக் கூடையோடு நின்ற ஓர் அக்கா ஓடிவந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய கடிதத்தை நீட்டுகிறார்.

“நாங்க குடியிருக்குற லயத்துக் கூரை ஒழுகுதுங்கய்யா. புள்ளைங்க புத்தகமெல்லாம் நனையுது. நீங்கதானே கொழும்புலேர்ந்து வந்த பெரிய தொரை?”

“இல்லக்கா, நான் சும்மா சுத்திப் பாக்க வந்தவன். காரும் வாடகைக் கார்.”

அக்கா என்னை ஒருமுறையும் காரை இருமுறையும் பார்க்கிறார். கடிதத்தை மடியில் செருகிக்கொள்கிறார்.

“பரவால்லங்க, கார் போதும். நடந்து போனா ஆபீஸ் வாச்சர் நாளைக்கு வாங்கனு கேட்லயே திருப்பிடுறாரு. எங்க தோட்டத்துத் தொரை இன்னைக்கு ஆபீஸ் உள்ளதான் இருக்காரு. ஏத்திட்டுப் போறீங்களா?”

கூடையை டிக்கியில் வைத்துவிட்டுப் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்கிறார்.

தோட்ட ஆபீஸ் வாசலில் வாச்சர் காரைக் கண்டதும் கேட்டைத் திறந்து சல்யூட் அடிக்கிறார். நான் கம்பீரமாகத் தலையசைக்கிறேன். அவர் என்னை டிரைவர் என்று முடிவு கட்டிவிட்டு, ஓடிப்போய்ப் பின்கதவைத் திறக்கிறார்.

இறங்கியது யார் என்று அவருக்கு உறைப்பதற்குள், அக்கா ஆபீஸ் படியேறி உள்ளே போய்விடுகிறார்.