பதினெட்டு அங்குல வழி

அந்தத் தெருவில் அநேகமாக எல்லா வீடுகளும் ரயில் பெட்டிதான். அகலம் ஒன்பதடி, நீளம் தொண்ணூறு. பங்கு பிரிக்கும்போதெல்லாம் முன்னவர்கள் வாசலிலிருந்து கொல்லை வரை நீளவாக்கில் பிளந்துவிட்டுப் போயிருந்தார்கள். கட்டில், பீரோ போக மிஞ்சிய நடையில் எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். இதெல்லாம் ஒரு வீடா என்று டேப்பக்கா சிரித்திருக்கிறாள். அவள் தையல்காரி. கழுத்தில் தொங்கும் டேப்பால் அளக்காமல் எதையும் நம்பமாட்டாள் என்று தெரு வைத்த பெயர் அது.

அவள் அப்பா வீடு மட்டும் பதினெட்டடி, ஒருமுறைகூடப் பிளக்காதது. அப்பா போன பிறகு அண்ணன்தான் பேச்செடுத்தான்.

“இதையும் ரிப்பன் மாதிரி கிழிக்கணுமாம்மா? ஒன்பதடியில உன் வெட்டுமேசையைத் திருப்பக்கூட முடியாது. குறுக்கால பிரிச்சுக்கலாம். முன்பக்கம் நான் கடிகாரக் கடை போட்டுக்கறேன். பின்பக்கம் உனக்கு. காத்து வரும், அகலமும் கூட.”

“வழி?”

“என் கடைக்குள்ள பூந்து போ. உனக்கு நான் கதவைச் சாத்துவேனா? இதைப் போய்ப் பத்திரத்துல எழுதினா நாலு பேர் சிரிப்பாங்க.”

மேசையை அளந்தாள், அறையை அளந்தாள், ஜன்னலை அளந்தாள். அண்ணனை அளக்கத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

நாலு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. ஐந்தாம் வருஷம் அண்ணன் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முன்பக்கத்தை ஒரு இரும்புக் கடைக்காரருக்கு விற்றான். வாங்கியவர் நடுவில் சுவர் எழுப்பினார்.

“பத்திரத்துல வழி இல்லையேம்மா” என்றார், மரியாதையாகத்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்னவர்கள் முட்டாள்கள் இல்லை, கூடப்பிறந்தவர்களைத் தெரிந்தவர்கள். இடம் குறைந்தாலும் ஆளுக்கொரு வாசல் தெருவில் இருக்கட்டும் என்றுதான் வீட்டை அப்படி ஒடுக்கியிருக்கிறார்கள். வேறு யாராவது செய்திருந்தால் மல்லுக்கு நின்றிருப்பாள். அண்ணன் என்பதால் படியேறிப் போய்க் கேட்கவில்லை.

மிஞ்சியது கொல்லைப்புறச் சாக்கடைச் சந்து. வாடிக்கைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு தடவை வந்தார்கள். மூன்றாம் தடவை வரவில்லை.

அண்ணன் வந்தான், பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, கையில் துணியோடு.

“புது வீட்டுக்குக் குடிபோறோம்மா. உன் கையால ஒரு சட்டை. ஆமா, என்ன இது, மனுஷன் வர்ற வழியா?”

அவள் துணியை வாங்கி மேசையில் வைத்தாள். அவனைத் திருப்பி நிறுத்தித் தோளுக்குக் குறுக்கே டேப்பை வைத்தாள்.

“பதினெட்டு இஞ்ச் அண்ணே. இவ்வளவு அகலம் விட்டிருந்தாப் போதும், நான் தெருவுக்குப் போயிருப்பேன்.”

துணியை மடித்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.